பிபி மெஷின் இல்லாம திண்டிவனம்

அஸ்வினி,

நீ தூங்கிக்கினு இருக்க, எழுப்பல. எழுப்பினா நெஞ்சத் தொட்டுப் பாக்கச் சொல்லுவேன்.

திண்டிவனத்துக்குத் தனியா பஸ்ல போறேன். போன வாரம் ஹார்ட் அட்டாக்னு பயந்து பாதி வழியில எறங்கினேனே, அதே பஸ்தான். படபடத்தாலும் நாடி பிடிச்சுப் பாக்காம போய் வரணும்னு கவுன்சிலிங் மேடம் குடுத்த பயிற்சி. பிபி மெஷின் பீரோவுலயே இருக்கட்டும்.

நேத்து சாயந்திரம் "எனக்கு ஒண்ணும் இல்லல்ல?"ன்னு கேட்டதுக்கு நீ பதிலே சொல்லாம மல்லாட்டைக் கடலை உரிச்சிக்கினு இருந்த. கோவிச்சுக்கினேன். நான் அப்படிக் கேட்டா நீ பதில் சொல்லக் கூடாது, சொன்னா பயம் போகாதுன்னு மேடம் சொன்னது அப்புறம்தான் நெனப்பு வந்துச்சு. மன்னிச்சுடு.

இட்லி ஹாட்பாக்ஸ்ல இருக்கு. வண்டி சாவி ஃப்ரிட்ஜ் மேல.

சித்தார்த்தன்

பி.கு: சட்னியில உப்பு போடல, அதச் சொல்லத்தான் திரும்பி வந்தேன். படி எறங்கினதுமே நெஞ்சு அடிக்க ஆரம்பிச்சிடுச்சு. அடிச்சிக்கினே அதுவும் கூட வரட்டும்.