ஷர்மினியின் வெள்ளை கெலிசா

6 ஏப்ரல், ஞாயிறு

கோயிலுக்குப் போய்வந்தோம். ஷர்மினியின் காரில்தான், வேறு எதில்? கொழுந்தன் கவினின் மனைவி, எனக்கு ஓரகத்தி. பாசிர் கூடாங்கில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வரிசை பின்னால் இருக்கிறாள். வெள்ளை கெலிசா. உற்பத்தி நின்றுபோய்ப் பல வருஷம் ஆன சின்ன கார். யாரோ ஒரு சீனப் பாட்டி சந்தைக்குப் போக மட்டும் ஓட்டிய காராம், தேடிப் பிடித்து வாங்கினாள். இன்றைக்கும் கடையிலிருந்து இறக்கிய மாதிரியே இருக்கிறது.

பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் ஒரு மலாய்க்காரர் வந்து, இதை விற்பீர்களா என்று கேட்டார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டினாள். நான் பின் சீட்டில் அர்ச்சனைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முன் சீட்டில் அவள் கைப்பை. "அக்கா, சீட் பெல்ட் போட்டுக்குங்க" என்றாள். ஒவ்வொரு தடவையும் சொல்வாள். எனக்குத் தெரியாதா?

நல்லவள்தான். அதுதான் இன்னும் கடுப்பு.

9 ஏப்ரல், புதன்

மாசாய் பாலர் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். வேலை எனக்குத்தான்! ஜூன் விடுமுறை முடிந்ததும் சேர வேண்டும். நாற்பத்து மூன்று வயதில் முதல் வேலை. தலைமையாசிரியை அங்கம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: சொந்த வண்டி இருக்கிறதா? காலையில் முதல் ஆளாக வந்து வாசலைத் திறக்க வேண்டுமாம். பஸ்ஸை நம்பி வந்தவர்கள் ஒருவரும் நிலைத்ததில்லையாம்.

"இருக்கு டீச்சர்" என்று சொல்லிவிட்டேன். லைசென்ஸ் இருக்கிறது. வண்டிதான் இல்லை.

இவரிடம் சொன்னேன். சந்தோஷப்பட்டார். அடுத்த வாய்ச் சோற்றோடு, "ஷர்மினியக் கூட்டிட்டுப் போய் நல்ல பழைய காரா ஒண்ணு பாரு. அவளுக்குத்தான் கார் பத்தித் தெரியும்" என்றார். மிச்சச் சோற்றோடு என் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அவளிடம் கேட்க மாட்டேன். நானே தேடுவேன். அவள் காரைவிட நல்லதாக.

14 ஏப்ரல், திங்கள்

புத்தாண்டு. ஷர்மினி கேசரி கொண்டுவந்தாள். என்னுடையதைவிட நன்றாக இருந்தது. இங்கே எழுதுகிறேன், வேறு யாரிடமும் சொல்லப் போவதில்லை.

வேலை கிடைத்ததைச் சொன்னேன். "மாசாய்லயா? அந்தப் பாலர் பள்ளியா?" என்றாள். கொஞ்சம் கழித்துத்தான் "வாழ்த்துகள் அக்கா" வந்தது. நான் காசு கேட்ட மாதிரி ஒரு முகம்.

20 ஏப்ரல், ஞாயிறு

இவர் மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து ஸ்கூடாய் வரைக்கும் போனோம். நீலக் கஞ்சில், கெலிசா மாதிரியே ஒரு சின்ன கார். படத்தில் பளபளவென்று இருந்தது. நேரில் பார்த்தால் பெயிண்டுதான் புதுசு. பானெட்டைத் திறந்து, அதைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளைப் பார்த்தேன். அதன் தலையில் பெயிண்டு உரிந்திருந்தால் பானெட்டைக் கழற்றி மாட்டியிருக்கிறார்கள், கார் எங்கேயோ இடித்திருக்கிறது என்று அர்த்தம். உரிந்திருந்தது. விற்கிறவர் அசடு வழிந்தார்.

"இதெல்லாம் எங்க கத்துக்கிட்ட?" இவர் வாயைப் பிளந்தார்.

"யூடியூப்ல" என்றேன். ஷர்மினி கார் வாங்கிய கதையைப் பத்துத் தடவை கேட்டவளுக்கு யூடியூப் எதற்கு?

26 ஏப்ரல், சனி

இன்னொரு கார். கம்பளத்தைத் தூக்கி மோந்து பார்த்தேன். வெள்ளத்தில் முங்கி எழுந்தது.

4 மே, ஞாயிறு

எழுதக் கை வரவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

லாயாங் லாயாங் என்ற ஊர். ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு வீடு. மீரா பீவி என்ற அம்மாள். அவர் கணவர் ஜெய்னுலாபுதீன் அங்கே சாப்பாட்டுக் கடை வைத்திருந்தாராம், போன வருஷம் தவறிவிட்டார். அவருடைய கார். வெளிர்பச்சைக் கெலிசா. மூடியிருந்த கித்தானை இழுத்ததும் காரை ஒரு சுற்று சுற்றி வந்தேன். சீட்டில் ஒரு கிழிசல் இல்லை. போல்ட்டுகளை யாரும் தொட்டதே இல்லை. கம்பளத்தில் துவைத்த துணி வாசம். "தெனமும் கடை சாத்திட்டு வந்து இதத் தொடச்சிட்டுத்தான்மா படுப்பாரு" என்றார் அந்த அம்மாள். கதவைச் சாத்திப் பார்த்தேன். ஷர்மினி காரைவிட நல்ல சத்தம். சத்தியமாக.

"பிடிச்சிருக்காம்மா?" என்று கேட்டார். பிடித்திருக்கிறதா என்றா? வாயைத் திறந்தேன், இவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நாலே முக்கால். ஞாயிற்றுக்கிழமை, ஆறு மணி வரைக்கும் ராகு காலம். அந்த நேரத்தில் முன்பணம் கொடுத்தால் விளங்குமா? எனக்கும் அதே எண்ணம்தான். ஷர்மினி நல்ல நேரம் பார்த்துத்தான் காசு கொடுத்தாள், அதனால்தான் அவள் கார் அப்படி ஓடுகிறது. ஆனால் மீரா பீவி அம்மாளிடம் நம் ராகு காலத்தை எப்படிச் சொல்வது? கூச்சமாக இருந்தது. "ஒரு தே குடிச்சிட்டு வந்துடறோம்மா" என்று சொல்லிக் கிளம்பினோம்.

தேத்தண்ணிக் கடையில் நான் சும்மா இருந்தேனா? காரின் படத்தைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். ஷர்மினி பார்க்க வேண்டும், வேறு எதற்கு? பார்த்தாள். பதில் வர நேரமானது. "சூப்பர் அக்கா" என்று ஒரு இதயத்தோடு வந்தது. எனக்கு அது போதவில்லை.

ஆறு மணிக்குத் திரும்பிப் போனோம். குளுவாங்கிலிருந்து வந்த ஒருவர் முன்பணம் கொடுத்துவிட்டு மீரா பீவியோடு பேசிக்கொண்டிருந்தார்.

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சேன்மா. கார் பாக்க வர்றவங்க எல்லாரும் தே குடிக்கத்தான் போறாங்க, ஒருத்தரும் திரும்பி வர்றதில்ல" என்றார் அந்த அம்மாள். இவர் உண்மையைச் சொன்னார். மீரா பீவி நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ராகு காலமா? சொல்லியிருக்கலாம்லம்மா. உங்க ஆளுங்களுக்கு எத்தன வருஷம் சோறு போட்ட கடை. வெள்ளிக்கிழம சைவம், அமாவாசை விரதம், எல்லாம் எங்களுக்கும் தெரியும். யாருக்கும் குடுக்காம வெச்சிருப்பேனே."

திரும்பி வரும் வழியெல்லாம் மழை.

5 மே, திங்கள்

கண்ணு பட்டுடுச்சு. வேற என்ன? படத்தப் பாத்த கொஞ்ச நேரத்துல கை நழுவிப் போகுதுன்னா? கல்லடி பட்டாலும் கண்ணடி படக்கூடாதுன்னு சும்மாவா சொன்னாங்க. இதயம் போட்டாளே, அவ கண்ணுதான்.

11 மே, ஞாயிறு

கோயிலுக்குப் போக ஷர்மினி வந்து ஹாரன் அடித்தாள். தலைவலி என்று சொல்லியனுப்பினேன். சன்னல் வழியாகப் பார்த்தேன். முன் சீட்டில் கைப்பை, பின் சீட்டில் யாரும் இல்லை. நேற்றுதான் மெழுகு போட்டிருப்பாள் போல. கண்ணைப் பறித்தது.

19 மே, திங்கள்

அங்கம்மா டீச்சர் கூப்பிட்டார். "உங்க கார் நம்பர் அனுப்புங்க, பள்ளி இருக்கற குடியிருப்போட காவலாளிகிட்டக் குடுக்கணும்."

"அப்புறம் அனுப்பறேன் டீச்சர்" என்றேன்.

அப்புறம் என்றால் எப்போது? இதுவரை பார்த்த கார்கள் எல்லாம் குப்பை. வண்டி இல்லை என்று தெரிந்தால் வேலையும் இல்லை, பொய் சொன்னவள் என்ற பேரும் வரும்.  இவர் ஷர்மினி வீட்டுப் பக்கம் மட்டும் பார்த்தார்.

போனேன். கேட்டேன். "எப்ப போலாம் அக்கா?" என்றாள், வேறு ஒரு கேள்வி இல்லாமல்.

21 மே, புதன்

ஷர்மினியோடு உலு திராம் போனேன். மணியம் என்ற லாரி ஓட்டுநர், ஓய்வு பெற்றவர். சிவப்புக் கஞ்சில், சிவப்பு என்று அவர்தான் சொன்னார், வெயிலில் வெளுத்துப் போயிருந்தது. இடது கதவு நெளிந்திருந்தது. எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஷர்மினி ஒரு அட்டையை விரித்துப் போட்டு, நல்ல சுடிதாரோடு காருக்கு அடியில் போய்ப் படுத்தாள். வெளியே வந்தபோது கன்னத்தில் கரி.

"மேல பாக்காதீங்க அக்கா. அடியில துளி துரு இல்ல, ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகல. புள்ள மாதிரி பாத்திருக்காரு. இத விட்டா கெடைக்காது." பிறகு போனைப் பார்த்தாள். "ஆனா இப்ப ராகு காலம். ஒன்றரைக்குத்தான் முடியும். வெளிய போய் ஏதாச்சும்..."

அவள் முடிப்பதற்குள் கைப்பையில் இருந்த முன்பணத்தை எடுத்து மணியத்தின் கையில் திணித்துவிட்டேன்.

திரும்பும்போது முன் சீட்டில் உட்கார்ந்தேன். கன்னத்துக் கரியை அவள் புறங்கையால் துடைத்தாள். அப்புறம், ரோட்டைப் பார்த்தபடியே, "அந்த வேலைக்கு நானும் எழுதிப் போட்டிருந்தேன் அக்கா" என்றாள்.

சீட் பெல்ட்டை இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.

"கவினுக்குத் தெரியாது. சிங்கப்பூர் சம்பளம் வருதே, நீ எதுக்குப் போகணும்னு கேப்பாரு. எனக்குக் கார் இருக்கு, போறதுக்குத்தான் எடம் இல்ல. கோயில், மார்க்கெட், உங்க வீடு. அன்னிக்கு அந்தப் பச்சைக் கார் படம் போட்டீங்கல்ல? இவங்களுக்கு இது அமையவே கூடாதுன்னு நெனச்சேன் அக்கா."

ஆக, கண் போட்டது அவள்தான். நான் நினைத்தது சரி. சரியாகப் போனதில் ஒரு சுகமும் இல்லை. இத்தனை நாளும் என் வயிறு மட்டும்தான் எரிகிறது என்று நினைத்திருந்தேன்.

1 ஜூன், ஞாயிறு

கோயிலில் வண்டிப் பூஜை. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். பூசணிக்காயை யார் சுற்றுவது என்று இவர் கேட்டார். ஷர்மினி கையில் கொடுத்தேன். "கண்ணு போட்டவளே சுத்துனா பலன் அதிகம்" என்று அவள் காதில் சொன்னேன். அவள் சிரித்த சிரிப்பில் பூசணிக்காய் கை நழுவி அங்கேயே உடைந்தது. பரவாயில்லை, உடைந்தால் சரி என்றார் குருக்கள்.

10 ஜூன், செவ்வாய்

முதல் நாள். வாசலை நான்தான் திறந்தேன்.

25 ஜூன், புதன்

இன்னொரு டீச்சர் தேவைப்படுகிறதாம். "போன தடவ எழுதிப் போட்டவங்கள்ல ஷர்மினின்னு ஒருத்தங்க. உங்க தாமான்தான், வீடும் உங்க பக்கம்தான். தெரியுமா? எப்படி ஆளு?" என்று அங்கம்மா டீச்சர் கேட்டார்.

"யோசிச்சுச் சொல்றேன் டீச்சர்."

தெரியுமா என்பதற்கு யோசிக்க என்ன இருக்கிறது? இருக்கிறது. அவள் வந்தால் பிள்ளைகள் அவள் பின்னால்தான் போவார்கள். டீச்சர் அவளைத்தான் மெச்சுவார். கேசரிக் கதைதான். எனக்கென்று ஒரு இடம் கிடைத்து இரண்டு வாரம் ஆகிறது. அதிலும் அவளா?

28 ஜூன், சனி

இன்னும் சொல்லவில்லை. ஷர்மினி காரைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நேற்றும் துடைத்தாள். எங்கேயும் போகாத காரில் அழுக்கு எங்கிருந்து வரும்?

30 ஜூன், திங்கள்

சொல்லிவிட்டேன். "என் ஓரகத்திதான் டீச்சர். என்னைவிட நல்லாச் செய்வா." சொல்லும்போது பல் கூசியது.

7 ஜூலை, திங்கள்

காலையில் அவள் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தேன். கவினிடம் அவளே பேசிவிட்டாளாம், இரண்டு நாள் முறைத்துக்கொண்டு இருந்தாராம், இருக்கட்டும். பாலர் பள்ளியில் கார் நிறுத்தக் கூரை கிடையாது, தன் கெலிசாவை வெயிலில் விட அவளுக்கு மனசில்லை. அதனால் என் கஞ்சிலில் வருகிறாள். கைப்பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு முன்னால் ஏறினாள். நெளிந்த கதவு, இரண்டு தடவை இழுத்துச் சாத்தினால்தான் மூடும்.

"சீட் பெல்ட் போட்டுக்க" என்றேன்.

நினைத்த மாதிரியே ஆயிற்று. பத்து மணிக்குள் பிள்ளைகள் எல்லாம் அவளைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது, பொய் சொல்வானேன். வீடு திரும்பும்போது அவள் வெளியே பார்த்துத் தனக்குள் சிரித்துக்கொண்டே வந்தாள். 

நாளைக்கு இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும். வாசல் சாவி என் கைப்பையில்தான் இருக்கிறது. அதை மட்டும் அவளிடம் கொடுக்க மாட்டேன்.