வெடி நேரத்துச் சிரிப்பு

வெள்ளிக்கிழமை, இரவு.

என் வீட்டுக்காரரின் காரியம் முடிந்து போன வாரம்தான் உறவெல்லாம் கிளம்பிப் போனது. இன்று மதியம் பண்ருட்டியிலிருந்து ஒருவர் எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸைத் தேடி வந்தார். இவரோடு பட்டாளத்தில் இருந்தவராம். ஒரு பலாப்பழத்தைக் கொண்டுவந்து வைத்தார்.

"அவன் யாரோடயும் பேசவே மாட்டான் அண்ணி. ஒரு மூலையில உக்காந்துகினு இருப்பான்," என்றார்.

எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. எங்கள் பிளாக்கில் இவர் பேசாத ஆள் கிடையாது. மைன்ஸில் வெடி வைக்கும் நேரத்துக்கு வீட்டில் இருந்தால் போதும், யாரையாவது டீ குடிக்கக் கூட்டிவந்து, பிள்ளைகளையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்து, ஓயாமல் சிரிப்பார்.

வந்தவர் ஆள் மாறி வந்திருக்கிறார், இல்லை எதையோ கேட்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எந்த ஊரில் ஒன்றாக இருந்தீர்கள் என்று துருவினேன். எல்லாவற்றுக்கும் சரியாகப் பதில் சொன்னார். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அப்போது வெடி வைத்தார்கள். ஜன்னல் கண்ணாடி கடகடத்தது. அவர் நாற்காலிக் கையை இறுகப் பிடித்துக்கொண்டு, பலாப்பழத்தைப் பற்றி என்னவோ சொல்லி உரக்கச் சிரித்தார். அதிர்வு அடங்கும்வரை நிறுத்தவில்லை.

அதே சிரிப்பு.

"எங்க ரெண்டு பேருக்குமே சத்தம் ஒத்துக்காது அண்ணி," என்றார், நெற்றியைத் துடைத்துக்கொண்டே.

ஆள் வந்தால் இவருக்குக் கொண்டாட்டம் என்றல்லவா இத்தனை வருடமும் டீ போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வெடி கிடையாது. ஒரு ஞாயிறாவது இவர் அப்படிச் சிரித்தது ஞாபகம் வந்தால் தூங்கிவிடுவேன்.