மருந்தடித்த சட்டை

கூடலூர்

கயல் அம்மாவுக்கு,

நம் இரண்டு பேர் ரத்தமும் எடுத்துப் போன ஆராய்ச்சிக்காரர்கள் நேற்று முடிவோடு வந்தார்கள். பூச்சிமருந்தால் உடம்பு உள்ளுக்குள் எவ்வளவு துருவேறியிருக்கிறது என்று பார்த்தார்களாம். கையுறை, முகமூடி போட்டுத் திராட்சைக்கு மருந்தடிக்கிற என்னைவிட உனக்குத்தான் அதிகமாம். எனக்கு ஒன்றுமே விளங்கவில்லை. மருந்தையே தொடாதவள் என்றுதானே ஒப்பிட்டுப் பார்க்க உன்னைச் சேர்த்தார்கள்? குப்பி மாறியிருக்கும் என்று சண்டை போட்டேன்.

வந்தவர்களில் வீரபாண்டிக்காரப் பெண் ஒருத்தி, "மருந்தடிச்ச சட்டைய யாருண்ணே துவைக்கிறாக?" என்றாள்.

"அவதான்" என்றேன். அதை எழுதிக்கொண்டாள்.

பிரசவம் பார்க்கப் போன நீ, கயலுக்குப் பிள்ளை பிறந்தாலும் அவசரப்பட்டு வர வேண்டாம்.

இன்று சட்டையை நானே அலசினேன். ஐந்து வாளி மாற்றியும் தண்ணீர் நீலமாகவே இருக்கிறது. உன் கையில் உறை பார்த்த ஞாபகமே எனக்கு இல்லை.

உன் வீட்டுக்காரன்