உன் கேள்வித்தாள் வேறு

என் கோபக்காரிக்கு,

உன் மீதிச் சேலைகளை எடுத்துப் போக வந்த உன் தம்பி, "அக்காவுக்குத் தோல் அரிப்பு நின்னுடுச்சு மாமா. ஆனா தொடையெல்லாம் வலிக்குதுன்னு படுத்தே கிடக்குது" என்றான். உடனே இழுப்பறையைத் திறந்தேன். படர்தாமரைக்கு டாக்டர் எனக்கு எழுதித் தந்த மாத்திரை அட்டையைக் காணோம்.

மருந்துக்கடைக்காரரிடம் ஓடினேன். "ஐயோ சார், அம்மா கொழுப்பு மாத்திரை சாப்பிடுறவங்களாச்சே! இது ரெண்டும் சேரவே கூடாது. தசை கெட்டு, கிட்னி வரைக்கும் போயிடும்" என்று பதறினார்.

பக்கத்துப் பிள்ளையைப் பார்த்து எழுதுகிறவர்கள் வகுப்புக்கு ஒருவராவது இருப்பார்கள். பார்த்தெழுதிய விடை சரியாகத்தான் இருக்கும், கேள்வித்தாள்தான் வேறாக இருக்கும். நமக்கு வந்த படர்தாமரை ஒன்றுதான். உடம்பு ஒன்றல்லவே.

அந்த மாத்திரையை இனித் தொடாதே. இதைக் கொண்டுவரும் தம்பியோடு இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கிளம்பு. இரண்டு அட்டைகளையும் டாக்டரிடம் காட்டு. சிறுநீர் கறுத்துப் போயிருந்தால் வெட்கப்படாமல் சொல்.

நீ போனை எடுக்கவில்லை. அங்கே வந்தால் கதவைச் சாத்துவாய். அதனால் நேரே ஆஸ்பத்திரிக்கே போய், வரிசையில் உனக்கு இடம் பிடித்து நிற்கிறேன். திட்டுவதை அங்கே வந்து திட்டு.

உன் வாத்தியார்