சுவரோரக் கட்டில்

ஜூன் 4

அன்புள்ள அக்கா,

உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதை முதலில் எழுது, வார்டு புராணம் அப்புறம்.

உன் வார்டில் இத்தனை வருஷம் நர்ஸாகக் குப்பை கொட்டியவள், வீடு வீடாகப் போய் நோயாளிகளைப் பார்க்கும் இந்தப் பயிற்சியில் எல்கேஜி பிள்ளையாகிவிட்டேன். மருந்து ட்ரேயை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை.

எனக்குக் கொடுத்த வீட்டில் ஒரு பஸ் டிரைவர். பக்கவாதம் வந்து வலது பக்கமும் பேச்சும் போய்விட்டன. முதுகில் படுக்கைப் புண். கட்டிலைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் ஆள் நிற்க இடம் வேண்டாமா? நடுவில் இழுத்துப் போட்டேன். அவர் மனைவி, "சரிங்கம்மா" என்று தலையாட்டினார். மறுநாள் போனால் கட்டில் பழையபடி சுவரோரம்! மறுபடி இழுத்தேன். மறுபடி சுவரோரம். ஏன் என்று மண்டை குடைகிறது.

இன்றைக்குக் கதவே திறக்கவில்லை. "இன்னிக்கு வேணாம்மா" என்று ஜன்னல் வழியாகவே சொல்லி அனுப்பிவிட்டார். பயிற்சி மேடம் கறாராகச் சொல்லிவிட்டார்: "கட்டுப் போடத் தெரிஞ்சா மட்டும் போதாது. அந்த வீட்ல உங்களை உள்ள விடணும். விடலைன்னா பாஸ் கிடையாது."

உன்,
குட்டி

ஜூன் 10

என் செல்லக் குட்டிக்கு,

முழங்கால் இருக்கிற இடத்தில்தான் இருக்கிறது.

கதவைச் சாத்துகிறவர்கள் வீட்டு வாசலில் உனக்கு என்னடி வேலை? கட்டிலை இழுத்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் சொல்லிக்கொடுத்ததுதானே! இங்கே உன் இடத்தை யாருக்கும் கொடுக்காமல் பிடித்து வைத்திருக்கிறேன். மாதக் கடைசிவரைதான் மேட்ரன் பொறுப்பார். ஆள் இல்லாமல் வார்டு திண்டாடுகிறது. பெட்டியைக் கட்டிக்கொண்டு வந்து சேர்.

உன் அக்கா

ஜூன் 19

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. மருந்துப் பை எடுக்காமல், வெறுங்கையோடு அந்த வீட்டுக்குப் போனேன். "கட்டிலை ஏன் தள்ளிப் போடறீங்கன்னு மட்டும் சொல்லுங்கம்மா, போயிடறேன்" என்றேன். அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கதவைத் திறந்தார். நேராகச் சமையலறைக்குக் கூட்டிப்போய் நிறுத்தினார்.

கொஞ்ச நேரத்தில் சுவரில் டொக் டொக் என்று சத்தம். அந்தப் பக்கம் அவர் கட்டில்! இடது கையால் தட்டுகிறார்.

"ஒண்ணுன்னா தண்ணி. ரெண்டுன்னா திரும்பிப் படுக்கணும். விடாம தட்டினாருன்னா, நான் இருக்கேனான்னு பாக்கறாருன்னு அர்த்தம்."

"அப்பவே சொல்லியிருக்கலாமேம்மா?"

"நீங்கதான் இப்படித்தான் இருக்கணும்னு சொல்லிட்டீங்களே!"

அவருக்கு மிச்சமிருந்த ஒரே பேச்சை நான் இழுத்து நடுவில் போட்டிருக்கிறேன், அக்கா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்த அம்மா பதறிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்.

அப்புறம் அவருக்கு அடியில் ஒரு போர்வையை மடித்துப் போட்டு, நானும் அந்த அம்மாவும் ஒரே பக்கம் நின்று இழுத்துப் பழகினோம். கட்டில் சுவரோரமே இருக்க, சுலபமாகத் திரும்புகிறார். புண் ஆற ஆரம்பித்திருக்கிறது. நேற்று மேடம் வந்து, எல்லாவற்றையும் வாசற்படியில் நின்றபடியே பார்த்தார். பாஸ்!

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் கேள்வி கேட்காமல் இருக்க முடியவில்லை. ஒரு வீட்டில் மாத்திரைகளை டீத்தூள் டப்பாவுக்குள் வைக்கிறார்கள். ஏன் என்று நாளைக்குத்தான் தெரியும். இந்த வேலையிலேயே இருக்கச் சொல்கிறார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். நான் வரவில்லை, அக்கா. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு.

உன்,
குட்டி

ஜூலை 2

என் செல்லக் குட்டிக்கு,

திட்டிக் கடிதம் எழுதி, கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரே பக்கம் நின்று இழுக்கிறாயே, இடுப்புப் பிடித்துக்கொள்ளாதா? காலை அகட்டி நில்.

உன் இடத்துக்கு ஒரு பெண் வந்துவிட்டாள். கெட்டிக்காரி. வார்டு ஒன்றும் திண்டாடவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, "இன்னிக்கு என்ன ஆச்சு தெரியுமாடி" என்று ஆரம்பிக்கிறேன். கேட்கத்தான் ஆள் இல்லை. அதை உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அதனால்தான் வார்டு மேல் பழியைப் போட்டு எழுதினேன்.

லீவு கிடைக்கும்போது வா. வேலைக்குக் கூப்பிட மாட்டேன்.

உன் அக்கா