நுரைக்காத கட்டி

பாப்பாவின் அம்மாவுக்கு,

நான் சௌகரியம். உன் முழங்கால் வலி தேவலையா?

சொல்லாமல் வைத்திருந்த ஒரு கவலை தீர்ந்துவிட்டதால் சொல்கிறேன். சலவைத்தூள் தண்ணீரில் வெடித்துப்போன என் விரல்களை வேலையிடத்தில் வருகை பதியும் ரேகை இயந்திரம் ஏற்க மறுத்தது. "ரேகை விழலன்னா ஊருக்குக் கிளம்பிடுங்க" என்றார் மேலாளர். ஆய்வுக்கூட வேலை என்று சொல்லி என்னை இந்தச் சலவைக்கூடத்துக்கு அனுப்பிய உன் அண்ணனை மனதாரத் திட்டினேன்.

பிறகு வெடிப்பு ஆறுவதற்காகத் தேன்மெழுகையும் தேங்காய் எண்ணெயையும் உருக்கி டம்ளரில் ஊற்றிக் கட்டியாக்கினேன். குளித்து முடித்ததும் ஈரத்தோடு தேய்த்துக்கொள்ள வேண்டும். என் அறையில் இருக்கும் எலக்ட்ரீஷியன் அதைச் சோப்பென்று நினைத்து வெகுநேரம் தேய்த்திருக்கிறார்.

"என்ன சார், நுரையே வரல. தாழ்ப்பாளத் திறக்க முடியாம வழுக்குது."

"எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிச்சவன் செஞ்சது, அப்படித்தான் இருக்கும்."

இன்று காலை விரலை வைத்ததுமே இயந்திரத்தில் பச்சை விளக்கு எரிந்தது. இனி பயமில்லை. உன் அண்ணனிடம் சொல்லாதே. தான் சொன்ன ஆய்வுக்கூட வேலை இதுதான் என்று பெருமையடிப்பார்.

யாராவது இங்கே வந்தால், இந்தக் கட்டியைப் போட்டுவைக்க மூடியுள்ள சோப்பு டப்பா ஒன்று கொடுத்தனுப்பு. முதுகில் தேய்க்க மட்டும் கை எட்டவில்லை. அதற்கு அவசரமில்லை, நான் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வேலை முடிந்து அறைக்குக் கூட்டிப்போக வந்த வேன்காரர் ஹாரன் அடிக்கிறார்.

பாப்பாவின் அப்பா