துரை பாஷைக்கு நாவூறு இல்லை

பதுளை
8-2-1913

என் பிரியமுள்ள அவர்களுக்கு,

நானும் பிள்ளையும் சுகம். நமுனுகுலக் குளிரில் கம்பளிச் சட்டை போடாமல் விடியற்காலை ஆள் கணக்கெடுக்கப் பெரட்டுக்குப் போகாதீர்கள்.

பிள்ளை பிறந்த முப்பத்தொன்றாம் நாள் துடக்குக் கழிவுக்கு வந்தீர்கள். தொட்டிலைப் பார்த்து "ம்" என்றீர்கள். சாப்பிட்டீர்கள், போய்விட்டீர்கள். "பொம்பளப் புள்ளன்னு மனசு வரல போல" என்கிறாள் அம்மா. எங்களைக் கூட்டிப்போக வண்டி அனுப்பவேண்டாம். பிள்ளையைப் பிடிக்காத வீட்டுக்கு வரமாட்டேன்.

மீனாம்பாள்

நமுனுகுல
13-2-1913

அன்புள்ள மீனா,

மனசு வராமலா? பெற்ற அப்பன் வாயால் புகழ்ந்தால் நாவூறு பலமாகப் படும் என்று வாயைக் கட்டிக்கொண்டேன். எங்கள் வீட்டில் அப்படித்தான்.

இப்போது ஒரு வழி கிடைத்திருக்கிறது. தோட்டத்துக்கு வந்திருக்கும் புது வெள்ளைக்காரச் சின்னதுரை எதைப் பார்த்தாலும் புகழ்கிறார். குதிரை ரிப்பிங், கொழுந்து டாப்பிங், மழை விட்டால் டாப்ஹோல். எல்லாம் 'பிரமாதம்' என்பதுதானாம். இத்தனைக்கும் அந்தக் குதிரைக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. துரை பாஷை நாவூறுக்குத் தெரியாது என்று நினைக்கிறேன்.

ஆகையால் தைரியமாக எழுதுகிறேன்: நம் மகளின் மூக்கு ரிப்பிங். தலைமயிர் டாப்பிங். மொத்தத்தில் டாப்ஹோல். வண்டி அனுப்பட்டுமா?

மயில்வாகனம்

பதுளை
17-2-1913

அவர்களுக்கு,

சீலைக்கடை ஜௌபர் நானாவிடம் இந்தச் சொற்களைக் கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார். துரைமார் நாய்க்குட்டிக்கும் இதையேதான் சொல்வார்களாம். குதிரைக்கும் நாய்க்கும் சொன்ன மிச்சம் என் பிள்ளைக்கு எதற்கு?

தமிழில் ஒரு தரம் எழுதுங்கள். நாவூறு வந்தால் கழிக்க எனக்குத் தெரியும். அதுவரை வண்டிப் பேச்சே வேண்டாம்.

மீனாம்பாள்

நமுனுகுல
22-2-1913

மீனா,

கதவைச் சாத்திக்கொண்டு எழுத உட்கார்ந்திருக்கிறேன். எழுதிவிடுகிறேன்.

நம் மகள் அழகி. இப்படியொரு அழகை நான் கண்டதில்லை. தொட்டிலில் கொட்டாவி விட்டாளே, அப்போது எனக்குக் கண் நிறைந்துவிட்டது. உன் அண்ணன்மார் பார்த்தால் வெட்கம் என்றுதான் அவசரமாகக் கிளம்பினேன். பெண் பிள்ளைதான் வேண்டுமென்று இருந்தேன். பெற்றுக் கொடுத்தவளும் அழகிதான்.

பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள். எனக்குப் பயமாக இருக்கிறது.

உன் மயில்வாகனம்

பதுளை
26-2-1913

என் ராசாவுக்கு,

கடிதம் படித்த கையோடு உப்பும் மிளகாயும் எடுத்துப் பிள்ளைக்குச் சுற்றி அடுப்பில் போட்டேன். நாவூறு பட்டிருந்தால் நெடி வராதே, உங்களுக்குத் தெரியும். ஒரு கை மிளகாய் கருகியும் துளி நெடி இல்லை. அம்மா குனிந்து அடுப்பை மோந்து பார்த்தாள். "அவ்வளவுமா அந்த மனுசன் மனசுல வச்சிருந்தாரு?" என்று கேட்டாள்.

நெடியே இல்லாத அடுப்படியில் நான்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வண்டி அனுப்புங்கள்.

உங்கள் மீனா